செப்பும் சிறுதேரும்

கடைதல் என்னும் வினை தமிழிற் பல தொழில்களுக்குப் பொதுவாய் நிற்பது. தயிர் கடைவர், கீரை கடைவர், மரம் கடைவர். தயிரும் மரமும் ஒரு சொல்லால் வழங்கப்பெற்றமைக்குக் காரணம் வெளிப்படை. மத்தின் தண்டிலே கயிற்றைச் சுற்றி இரு தலைப்பையும் மாறி மாறி இழுக்கத் தண்டு சுழல்வது போலவே, பழைய கடைசற்பட்டடையிலும் மரத்துண்டைச் சுற்றிய கயிற்றை ஒருவர் முன்னும் பின்னும் இழுக்க, மற்றொருவர் சுழலும் மரத்திலே உளியைப் பொருத்துவர். மரம் ஒரு பக்கமாகச் சுழலும்போது மாத்திரமே உளி வெட்டும். மறுபக்கம் திரும்புகையில் அதனைச் சற்றே விலக்கிப் பிடித்தல் வேண்டும். ஆதலின் இழுப்பவர்க்கும் கடைபவர்க்கும் மூச்சு ஒன்றாதல் இன்றியமையாதது. இத்துணைச் செம்மை வாய்ந்த தொழிலின் பெயரை நாம் அன்றாடப் பேச்சில் நினைவுகூர்வது ‘கடைந்தெடுத்த கள்ளன்’ என்று வசை கூறும்பொழுதுதான். கடைபவன் பெற வேண்டிய பாராட்டுக் கள்ளனுக்குப் போய்ச் சேர்ந்தமை அவன் கெட்டகாலம் போலும்.

பேச்சில் நேர்ந்த இக்குறை திறனாய்விலும் நேர்ந்துள்ளது. கோயிற்றேரின் சிற்பத்தை வியந்து எழுதினோர் பலர். சிறுவன் கயிறு கட்டி இழுக்கும் தேரைச் சிற்பமென எண்ணியவர் சிலரே. சிற்றுருவைப் பற்றி ஒரு சொற் கூற நேர்ந்தவிடத்தும், ‘பெரியதை அப்படியே சிறிதாக்கியிருக்கிறார்கள்’ என்பதோடு பாராட்டு முடிந்துவிடுகிறது. சிறியதன் சிறப்புப் பெரியதை ஒத்திருத்தலே என்னும் இந்நோக்குப் பிழையானது. கைத்தொழிலை மட்டுமன்றி, அதனை உவமையாக எடுத்தாண்ட பழம் பாட்டையும் இந்நோக்குப் பிழைபட உணர்த்திவிடுகின்றது. முதலிற் கைத்தொழிலைக் காண்போம்.

தமிழகத்தில் இத்தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரம். அங்குக் கடையப்பெறும் மரச் செப்புச் சாமான்களை வைத்துப் பல தலைமுறைச் சிறுமியர் சோறு கறி ஆக்கி விளையாடியுள்ளனர். மஞ்சட்கடம்பு இதற்குரிய மரமாக நெடுங்காலம் இருந்தது. பின்னர்ப் பிற மரங்களும் வந்தன. கயிறு இழுத்தவர் இடத்தை மின்பொறி பெற்றது. செப்பு என்பது பழந்தமிழில் மூடியோடு கூடிய சிறு கலத்தைக் குறித்த சொல். அது விளையாட்டுக் கலங்கள் அனைத்துக்கும் பெயராய் விரிந்தது. குடம், பானை, சட்டி, உரல், உலக்கை, ஆட்டுக்கல், திருகை, விளக்கு என அத்தொகுதியில் இடம்பெறுவனவற்றை ஒருங்கே நோக்கின் ஓர் உண்மை புலனாகும். இவை யாவும் வட்டமானவை. கடைசற்பொறி வட்டத்தையன்றி வேறொன்றையும் அறியாது. தமிழர் அடுக்களையோ பெரும்பாலும் வட்டத்தாலானது. ஒன்று மற்றொன்றுக்கென்றே பிறந்தது போன்ற பொருத்தம் இது.

பொருத்தம் முறியும் இடங்களிலேதான் தொழிலாளியின் அறிவு வெளிப்படுகிறது. அம்மி வட்டமன்று. அதனை அறுத்துச் செதுக்க வேண்டும். குழவியை மட்டும் கடையலாம். தேங்காய் திருவும் திருவலை முற்றிலும் கடைசலுக்கு அடங்காது. யாழ்ப்பாணத்து மூக்குப்பேணியின் உடலைக் கடைந்துவிடலாம். மூக்கைத் தனியே செய்து ஒட்டல் வேண்டும். ஒட்டிய மூக்குக் குழந்தையின் கையில் எத்தனை நாள் நிலைக்கும் என்பதை எண்ணுபவன் அதனை நீளமாக வைப்பானல்லன். உடலோடு அணைந்த ஒரு சிறு முனையாக்கி, அதுவே மூக்கெனக் கண்டார் கொள்ளுமாறு விட்டுவிடுவான்.

அளவைப் பற்றிய செய்தி இதனினும் நுட்பமானது. வாய் 9 அங்குல அகலமும் சுவர் கால் அங்குலத் தடிப்பும் உடைய ஒரு சோற்றுப்பானையை எடுத்துக்கொள்வோம். அதனை 1 அங்குல வாயுடைய செப்பாக்கக் கருதின், எல்லா அளவையும் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைத்தல் வேண்டும். சுவரையும் அவ்வாறே குறைப்பின் அது ஓர் அங்குலத்தின் 36 இல் ஒரு பங்காய், ஒரு மில்லிமீற்றரினும் மெல்லிதாய் முடியும். குழந்தை ஒருமுறை அழுத்தினால் அது நொறுங்கும். ஆகவே கடைபவன் சுவரை நான்கு மடங்கோ ஐந்து மடங்கோ தடிப்பாக விடுகின்றான். விட்டவுடன் பானை பானையாய்த் தோன்றாது, துளையிட்ட கட்டையாய்த் தோன்றும். அத்தோற்றத்தை மாற்ற அவன் விளிம்பை வெளிப்புறம் சற்றே அகற்றுகிறான். கழுத்தை உள்ளதினும் ஆழமாக ஒடுக்குகிறான். வயிற்றைக் கீழ்நோக்கித் தாழ்த்துகிறான். இத்தனை மாற்றங்களின் பின்பே செப்புப் பானையை ஒக்கின்றது. அளவுகோலை வைத்துப் பார்ப்பின் அது பானையன்று. கண்ணால் நோக்கின் பானையேயாம். பெரியதை அப்படியே சிறிதாக்கியிருந்தால் அது பெரியதை ஒத்திராது.

எடையின் செய்தியும் இத்தகையதே. ஒன்பதில் ஒரு பங்காகக் குறைக்கப்பெற்ற உரல், அதே மரத்தாற் செய்யப்படினும், எடையில் 729 இல் ஒரு பங்கே இருக்கும். உரலுக்கு உயிர் அதன் கனம். உலக்கையின் இடிக்கு அசையாது நிற்றலே அதன் இயல்பு. சிற்றுரலில் அக்கனம் போய்விடுகிறது. நல்ல கடைசற்காரன் அடிப்பாகத்தைச் சற்று மிகையாகப் பருக்க விட்டு, இடையை ஒடுக்கி, போன கனத்தைத் தோற்றத்திலே மீட்கின்றான்.

இன்றைய செப்புக்களிற் காணப்படும் குறைகள் இரண்டைக் கூறாது விடுதல் பொருந்தாது. கயிறு இழுத்துக் கடைந்த காலத்தில் ஒரு வரை இடுதல் இருவருடைய உழைப்பு. ஆதலின் வரை வேண்டியவிடத்து மாத்திரம் அமைந்தது. மின்பொறியில் உளியைத் தொட்ட மாத்திரத்தே வரை விழுந்துவிடும். விளைவு, குடத்திலும் வரை, கரண்டிக் காம்பிலும் வரை, விளக்கிலும் வரை என எங்கும் வளையம் மலிந்து வடிவு மறைந்துபோகிறது. மற்றையது வண்ணம். அரக்குக் கோலைச் சுழலும் மரத்தின்மீது அழுத்துகையில் உராய்வின் வெப்பத்தால் அரக்கு உருகி மரத்தோடு ஒன்றும். பின்பு தாழை மடலால் அழுத்தித் தேய்க்க மெருகு ஏறும். சென்னபட்டணத்தார் கைக்கொள்ளும் முறை இது. அங்ஙனம் ஏறிய நிறம் மரத்தின் தோல் போன்றது; தூரிகையாற் பூசும் எண்ணெய்ச்சாயம் மரத்துக்கு உடுத்திய சட்டை போன்றது. சட்டை கிழியும், வாயில் வைத்துச் சுவைக்கும் பருவத்துக் குழந்தைக்கு அது நன்றுமன்று.

சிறியது பெரியதன் வழித்தோன்றலன்று என்பதற்குப் பிறநாட்டுத் தொழிலாளர் தரும் சான்றுகளும் உள. உருசிய நாட்டில் 1890களில், சுவியோஸ்தோச்கின் என்பவர் கடைய மல்யூத்தின் என்னும் ஓவியர் வண்ணந்தீட்டத் தோன்றியது, ஒன்றனுள் ஒன்றாய் அடங்கும் மத்ரியோஷ்காப் பாவை. அதனைக் கடைவோர் முதலிற் செய்வது திறக்க இயலாத மிகச் சிறிய பாவையையே. அதனை அளவாகக் கொண்டு அடுத்ததும், அதனைக் கொண்டு அதற்கடுத்ததும் கடையப்பெறும். காண்பார் பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்கின்றனர். செய்வார் சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்கின்றனர். யேர்மனியின் சைபன் என்னும் மலையூரிலே வேறொரு வியப்பு. அங்கே ஈரமான மரத்தின் குறுக்குவெட்டை வளையமாகக் கடைந்து, பின் அவ்வளையத்தைத் துண்டுகளாகப் பிளப்பர். பிளந்த ஒவ்வொரு துண்டும் பக்கவாட்டில் ஒரு பசுவாகவோ குதிரையாகவோ இருக்கும். கடையும்போது தொழிலாளி காண்பது மேடும் பள்ளமுமான ஒரு சக்கரமே. விலங்கு அவன் நெஞ்சிலே மாத்திரம் உள்ளது. யப்பானில் 8 ஆம் நூற்றாண்டிற் சொத்தொக்குப் பேரரசியார் விதித்தபடி பத்து இலட்சம் மரச் சிறுகோபுரங்கள் கடையப்பெற்று, அச்சிட்ட மந்திரச் சுருள் ஒவ்வொன்றனுள்ளும் வைக்கப்பெற்றன. பணி 770 ஆம் ஆண்டளவில் முடிந்தது. ஒரு சாண் அளவினவான அவை பத்துப் பெருங்கோயில்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. உலகின் மிகப் பழைய அச்செழுத்துக்களுட் சில நமக்குக் கிடைத்தது ஒரு கடைசற்காரனின் செப்புக்குள்ளிருந்து என்பது அச்சுக்கலையைப் போற்றுவோர் மறக்கும் செய்தி.

இனிப் பாட்டுக்கு வருவோம். குறுந்தொகையின் 61 ஆம் செய்யுள் தும்பிசேர் கீரனார் பாடியது, ஆறே அடியினது. பரத்தையிற் பிரிந்த தலைவனின் பொருட்டு வாயிலாக வந்தோர்க்குத் தோழி கூறும் மறுமொழியாக அமைந்தது. தச்சன் ஆக்கிய சிறு வண்டியிலே சிறுவர் ஏறிச் செல்ல இயலாது. எனினும் அதனைக் கையால் இழுத்து மகிழ்வர். அவ்வாறே தலைவனோடு உடனுறையும் மகிழ்ச்சி எமக்கு வாய்த்திலதேனும் அவன் நட்பைப் பேணி மகிழ்ந்தோம். கைவளையும் கழலாது நின்றது. தோழி கூற்றின் கருத்து இதுவாகும். உ. வே. சாமிநாதையர் 1937 இல் வெளியிட்ட பதிப்புக்குப் பின்னர் இச்செய்யுள் கல்லூரி வகுப்புக்களிற் பலகாலும் பயிலப்பட்டு வருவது.

இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம், ஊர்தலாகிய பேரின்பம் கிட்டாதவிடத்து இழுத்தலாகிய சிற்றின்பத்தால் மனந்தேறுதல் என்பது. தேருக்குத் தாழ்ந்தது சிறுதேர். கூட்டத்துக்குத் தாழ்ந்தது நட்பு. உள்ளதைக் கொண்டு அமைவோம் என்பது தோழியின் கருத்தாம். முன்னர்க் கைத்தொழிலிற் கண்ட அதே பிழை இங்கும் தலைகாட்டுகிறது. சிறியது பெரியதன் குறைவு என்று முதலிலேயே முடிவுசெய்து கொண்டு பாட்டினுட் புகுவதால் வந்த விளக்கம் இது.

பாட்டோ அவ்வாறு கூறவில்லை. ஆறடிக்குள் இன்புறுதல் என்னும் ஒரே வினையைப் புலவர் நான்கு முறை ஆள்கின்றார். ஊர்தலுக்கும் அதுவே, இழுத்தலுக்கும் அதுவே. உடனுறைதலுக்கும் அதுவே, நட்புச் செய்தலுக்கும் அதுவே. ஒன்றனைப் பேரின்பம் என்றும் மற்றதனைச் சிற்றின்பம் என்றும் தரம் பிரிக்க அவர் விரும்பியிருப்பின் தமிழிற் சொல்லுக்குப் பஞ்சமில்லை. சொற்சுருக்கத்துக்குப் பேர்போன ஒரு தொகையில் ஒரு சொல் நான்கு முறை வருதல் வாளா நிகழ்வதன்று. இன்னொன்றும் நோக்கற்பாலது. தலைவனுக்குப் புலவர் தரும் அடைமொழிகளுள் ஒன்று அவன் நல்ல தேரையுடையவன் என்பது. ஆகவே இச்சிறு பாட்டினுள் இரண்டு வண்டிகள் உள. ஒன்று தலைவனுடைய பெருந்தேர். அது பரத்தையர் வாயிலுக்குச் செல்லும், வீட்டில் நில்லாது. மற்றது தச்சன் செய்த சிறுவண்டி. அதனை எவரும் ஏறிச் சென்று எங்கும் பிரிதல் இயலாது. இழுப்பவன் பின்னே அது வரும். ஊர இயலாமையே அதன் சிறப்பாய் முடிகின்றது.

இவ்வாறு கொள்ளின் தோழியின் கூற்று வேறு நிறம் பெறும். அதிற் கசப்பில்லை என்பதன்று. வளை செறிந்தது என்பதனுள் நகைப்பும் நோவும் கலந்தே உள்ளன. ஆயினும் சிறுதேர் வெறுங்குறையாயின் அவள் மொழி முறையீடு ஆகிவிடும், தலைவி இரக்கத்துக்குரியவளாவாள். சிறுதேர் தன்னளவில் நிறைந்த பொருளாயின் அவள் மொழி மறுப்பு ஆகும்: நீ வந்தாலும் வாராவிடினும் எம் கையில் உள்ளது எமக்குப் போதும். தலைவியின் மானம் நிற்பதும் வீழ்வதும் ஒரு விளையாட்டு வண்டியை நாம் எவ்வாறு மதிக்கின்றோம் என்பதைப் பொறுத்திருக்கிறது. இதனாலேதான் தச்சன் தொழிலை அறியாது இப்பாட்டைக் கற்பித்தல் அரைகுறைக் கற்பித்தலாகும். அவ்வண்டி கடைந்ததோ செதுக்கியதோ என்று பாட்டுக் கூறவில்லை. உருளை வட்டமாக உருளாவிடின் இழுக்கும் இன்பம் இல்லை என்பது மட்டும் உறுதி.

சிறுதேரை மதித்த புலவருட் கடியலூர் உருத்திரங்கண்ணனாரும் ஒருவர். பெரும்பாணாற்றுப்படையிலே தச்சர் வீட்டுச் சிறுவரும் விரும்பும்படி ஆக்கப்பெற்ற தேர் என்று பொருள்பட ஒரு விளையாட்டுத் தேரைக் குறிக்கின்றார். நாள்முழுதும் மரத்தையும் உளியையும் கண்டு சலித்தவன் தச்சன் மகன். அவனும் ஆசைப்படும் தேர் என்றால் அதன் செய்திறனுக்கு வேறு சான்று வேண்டா. இத்துறையில் இதனினும் கூரிய திறனாய்வுச் சொல் தமிழில் உண்டோ என்பது ஐயம். பட்டினப்பாலையிலே அவரே குதிரையின்றிச் சிறுவர் உருட்டும் மூன்றுருளைத் தேரைக் காட்டுகிறார். உலரவிட்ட உணவைக் கொத்தவந்த கோழியை மகளிர் பொற்குழையாலே எறிய, அக்குழை விழுந்து தேரின் வழியை மறிக்கின்றது. பட்டினத்தின் செல்வமிகுதியைக் கூற வந்த இடம் என்று இதனை விளக்குவர். அது மெய்யே. ஆனால் சிறுவன் பக்கத்தில் நின்று நோக்கின், பொன் அங்கே வழியிற் கிடக்கும் ஒரு கல், தேர்தான் பொருள்.

பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் ஆண்பாற் பருவங்களுள் இறுதியாகச் சிறுதேரை வைத்தது. அங்குச் செய்தி தலைகீழாகிறது. பாட்டுடைத் தலைவன் தெய்வமாதலின் அவன் உருட்டும் தேரும் அண்டங்களை அளாவத் தொடங்குகிறது. உயர்வுநவிற்சியின் ஓசை பெருகப் பெருகத் தேரின் உருளை கண்ணுக்கு மறைகிறது. சொல்வளத்திற் பிள்ளைத்தமிழுக்கு ஈடில்லை. சிறியதைச் சிறியதாக இருக்கவிடும் துணிவு மட்டும் சங்கப் புலவர்க்கே இருந்தது.

வன்னிப் பெருநிலத்திலே இக்கருத்துக்கு ஒரு தனிப் பொருத்தம் உண்டு. இந்நிலத்துக் காடுகள் முதிரையும் பாலையும் கருங்காலியும் தந்தவை. முதிரை நெருங்கிய இழையும் பொன்மஞ்சள் நிறமும் உடையது. பாலை தண்டவாளத்தின்கீழ்க் கட்டையாகக் கிடந்து புகையிரதத்தைச் சுமக்கும் வலிமையது. மரம் வெட்டவும் ஏற்றிச் செல்லவும் அனுமதி பெறல் வேண்டும் என்னும் சட்டம் முறையானதே. ஆனால் செப்புக்கு மரம் வெட்ட வேண்டியதில்லை. தச்சுப்பட்டடையிற் கழிக்கப்படும் துண்டே போதும். அப்பட்டடைகளில் இன்று பெரும்பாலும் கடையப்படுவன கட்டிற்காலும் கதிரைக்காலுமே. நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டிமாதேவியின் கட்டிலை விரிக்குமிடத்து, அதன் காலிலே குடம்போலத் திரண்ட உறுப்பையும் உள்ளிப்பூடு போன்ற உறுப்பையும் காட்டுகின்றார். கட்டிற்கால் என்பது குடமும் உள்ளியும் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய கோவையே. அதனைக் கடையத் தெரிந்த கைக்குச் செப்புப் புதிதன்று. குடத்தைக் காலிலிருந்து பிரித்து நிறுத்தும் துணிவு ஒன்றே புதிது.

கைத்தொழிலை நுண்கலையினின்று தாழ்த்திப் பிரித்தல் பொருந்தாது என்று வாழ்நாள் முழுதும் வாதாடியவர் 1877 இற் கொழும்பிற் பிறந்த ஆனந்தக் குமாரசுவாமி. 1908 இல் வெளிவந்த அவருடைய இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் கண்டி நாட்டுத் தட்டார், தச்சர், அரக்குக் கடைசற்காரர் ஆகியோரின் தொழில்முறையைச் சிற்பிக்குரிய மதிப்புடனே விரிக்கின்றது. மாத்தளைப் பகுதியில் அவ்வரக்குவேலை இன்றும் வழங்குகிறது. தமிழ்ப் பகுதிகளின் செப்புக்கும் பம்பரத்துக்கும் அத்தகைய நூலொன்று எழுதப்பெறாமை குமாரசுவாமியின் குறையன்று.

கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டத்து மக்கள் 2008 இன் பிற்பகுதியிலிருந்து 2009 மே வரை ஊர்விட்டு ஊர் பெயர்ந்தனர். ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முகாம்களை அடைந்தனர். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செத்தெம்பரில். ஓடுபவர் சட்டியும் பானையும் கொண்டு ஓடலாம். உரலையும் ஆட்டுக்கல்லையும் சுமந்து ஓடல் இயலாது. மீண்டு வந்து புதுவீடு கட்டியவர் அடுக்களையில் அவற்றின் இடத்தை மின்அரைப்பான் பெற்றது. இந்நிலத்திற் கடையப்படும் சிற்றுரல் ஒன்று, ஆகவே, இல்லாத உரலின் சாயலாகிவிடும் இடர் உண்டு. கண்ணாடிப் பெட்டியில் வைத்து முன்னோர் வாழ்வைக் காட்டும் நினைவுப்பொருளாக அதனை வாங்குவோரும் இருப்பர். அங்ஙனம் வாங்குதல் தீதன்று. எனினும் பெரியவர் நினைவுக்காகக் கடையப்படும் செப்பிலே வரையும் மெருகும் மிகும், குழி ஆழமாயிராது. குழந்தைக்கோ உரலின் பழமை தெரியாது. நுங்குக் கோம்பை இரண்டைத் தடியிற் கோத்து வண்டில் உருட்டும் பிள்ளை, அது எந்தத் தேரைப் போன்றது என்று வினவுவதில்லை. ஓடுகின்றதா என்றே பார்க்கின்றது. செப்புரலை மதிப்பிடுவோரும் அதன் குழியில் நாலு நெல்லையிட்டுச் சிற்றுலக்கையாற் குற்றிப் பார்த்தல் வேண்டும். நெல் உள்ளே நின்றால் அது உரல். துள்ளி வெளியே விழுந்தால் குழி இன்னும் ஒரு நூல் ஆழம் போக வேண்டும்.